மனுவா, வழக்கா, வீடியோவா? நாய் மையத்தைத் திருத்த மதுரைக்காரர்களுக்கு உள்ள வழிகள்

தென் மாவட்டங்களின் பல ஊர்களிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. உள்ளாட்சியின் கருத்தடை மையத்துக்கு நாய் வண்டி ஏற்றிப்போன நாய் தையல் பிரிந்து திரும்புகிறது. சில நாய்கள் திரும்புவதே இல்லை. சில தெருக்களில் முன்பின் பார்த்திராத வேறு நாய் இறக்கிவிடப்பட்டு, இரண்டு இரவு ஒருவரும் தூங்க முடிவதில்லை. "நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்திருக்கிறோம். மையத்தைத் திருத்த வேண்டும். வழக்குப் போடுவதா, வீடியோ எடுத்து வெளியிடுவதா, உள்ளே போய்த் தொண்டு செய்வதா, நாமே ஒரு காப்பகம் தொடங்கிவிடுவதா?"

எந்த ஊர் மையம், எந்த ஒப்பந்ததாரர் என்பதை இங்கே எடுக்கப்போவதில்லை. குறைகள் ஊருக்கு ஊர் ஒரே அச்சில்தான் இருக்கின்றன. மதுரையில் இருப்பவர்களுக்குக் கைவசம் உள்ள வழிகளை மட்டும் எடை போடுகிறேன்.

## கேட்பது எது?

வழியைத் தேர்வதற்கு முன் கோரிக்கையைத் தேர வேண்டும். இதில்தான் பல குழுக்கள் இடறுகின்றன. வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு, "கொலையில்லாக் காப்பகம் வேண்டும்" என்று பதாகை எழுதுபவர்கள் உண்டு. அந்த முழக்கம் பிறந்த ஊர் வேறு. அமெரிக்க நகரக் காப்பகங்களில், யாரும் எடுத்து வளர்க்க முன்வராத நாயை ஊசி போட்டுக் கொல்வது நெடுங்கால வழக்கம். அதை எதிர்த்துத்தான் அங்கே ஊர்மக்கள் இயக்கம் நடத்தினார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் 2010-ல் நகர மன்றமே தீர்மானம் போட்டது: காப்பகத்துக்குள் வரும் விலங்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறு உயிரோடு வெளியேற வேண்டும். மறு ஆண்டே அந்த இலக்கை எட்டினார்கள். பிற்பாடு அதே காப்பகம் இடம் போதாமல் திணறியதும் நடந்தது.

இங்கே தெருநாயைக் கொன்று எண்ணிக்கையைக் குறைப்பதற்குச் சட்டத்தில் ஏற்கெனவே இடமில்லை. 2001-ல் வந்த நாய்க் கருத்தடை விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2023 மார்ச்சில் வந்த புதிய விதிகளும் சொல்வது இதுதான்: பிடி, கருத்தடை செய், வெறிநோய்த் தடுப்பூசி போடு, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடு. பொறுப்பு உள்ளாட்சியுடையது. செய்பவர் இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். ஆணையாளர் தலைமையில் கண்காணிப்புக் குழு ஒன்றும் இருக்க வேண்டும். ஆக, நம் ஊர் மையம் நாய் சில நாள் தங்கிச் செல்லும் ஆஸ்பத்திரி. அதன் தரத்தை மூன்று இடங்களில் பார்க்கலாம்: பிடிக்கும் விதம், அறுவைக்குப் பிந்தைய கவனிப்பு, திரும்ப விடும் இடம்.

இந்த மூன்றும் கெடுவதற்குப் பெரும்பாலும் கொடியவர் எவரும் தேவைப்படுவதில்லை. ஒப்பந்தத்தில் பணம் 'ஒரு நாய்க்கு இவ்வளவு' என்று கணக்கிடப்படும்போது, அறுவை எண்ணிக்கை ஏற ஏறப் பில் ஏறும். கூண்டில் இன்னொரு நாள் வைத்துப் பார்ப்பதற்கோ, தீவனத்துக்கோ, பிடித்த தெருவைத் தேடிப் போகும் டீசலுக்கோ தனியாகக் காசு கிடையாது. அந்த ஒரு நாள்தான் முதலில் காணாமல் போகும்.

இதற்கு மேல் 2025-ல் ஒரு பாரம் கூடியது. அந்த ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் ஆகியவற்றுக்குள் திரியும் நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் வைக்க வேண்டும், அதே இடத்தில் மறுபடி விடக் கூடாது என்று உத்தரவிட்டது. மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தையும் அரசு ராஜாஜி மருத்துவமனையையும் நினைத்துப் பாருங்கள். சில நாள் தங்கலுக்காகக் கட்டிய கூண்டுகளில் நாய்கள் ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய நிலை. அறுவை மையத்தை வைத்தே காப்பகக் கணக்கையும் காட்டிவிட முயலும் ஊர்கள் இனிக் கூடும். மதுரைச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அதற்கு என்ன பொருள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எனவே கோரிக்கையை ஒரு தாளில் எழுதுங்கள். "நாய்களைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதினால் எந்த அதிகாரியும் தலையாட்டிவிட்டுப் போவார். "அறுவை முடிந்த நாய் விதிப்படியான நாள் தங்கியதா என்பதைக் காட்டும் பதிவேட்டை மாதந்தோறும் வெளியிடுங்கள்" என்று எழுதினால் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

இந்த வழி நமக்குக் கையில் என்ன தரும்: தகவலா, வாக்குறுதியா, கட்டளையா? பணமும் நேரமும் எவ்வளவு, அது யாருடைய நேரம்? ஆணையாளர் மாறினாலும் டெண்டர் கைமாறினாலும் பலன் நிற்குமா? நம் முயற்சியின் அடி யார் மேல் விழும், முடிவெடுத்தவர் மேலா, நாய் பிடிக்கும் தினக்கூலி மேலா?

ஐந்தாவதாக ஒன்று. நான் மற்ற நான்கைவிட இதற்கு அதிக எடை கொடுப்பேன்: இந்த வழியில் போனால் வேறு எந்த வழி அடைபடும்? வீடியோ வெளியிட்டவரை மறுநாள் மையத்தின் வாசலில் நிறுத்துவார்கள். வழக்குத் தொடுத்தவரிடம் அதிகாரி "விஷயம் நீதிமன்றத்தில் இருக்கிறது" என்று வாயை மூடிக்கொள்வார். ஆனால் மனுக் கொடுத்தவர் அடுத்த மாதம் வழக்கும் போடலாம், வீடியோவும் வெளியிடலாம். அதனால் எந்த வழி என்ற கேள்விக்குள் எந்த வரிசை என்ற கேள்வியும் இருக்கிறது.

## மனுவும் மாமன்றமும்

செலவு மிகக் குறைவு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. அங்கே மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கலாம். 1100 என்ற முதல்வர் உதவி எண் இருக்கிறது. மாநகராட்சிக்கு நூறு வார்டுகள், ஐந்து மண்டலங்கள். உங்கள் வார்டுக் கவுன்சிலர் மாமன்றக் கூட்டத்தில் எழுந்து கேட்டால், அது கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏறும்.

கவுன்சிலரின் நிலையையும் பார்க்க வேண்டும். நாய் கடிக்கிறது, துரத்துகிறது, இரவில் ஊளையிடுகிறது என்று அவருக்குப் பத்துப் போன் வந்தால், மையத்தில் நாய் துன்பப்படுகிறது என்று ஒரு போன் வந்தாலே அதிகம். "விலங்கு உரிமை" என்று அவரிடம் ஆரம்பித்தால் அந்தப் பத்துப் பேரை நினைத்துக்கொண்டு நழுவுவார். கடியிலிருந்து ஆரம்பியுங்கள். தடுப்பூசி சரியாகப் போடாத மையம், வேறு தெரு நாயைக் கொண்டுவந்து இறக்கும் வண்டி, இரண்டும் கடியைப் பெருக்கும். புதிய இடத்தில் இறக்கப்பட்ட நாய் அங்குள்ள நாய்களோடு சண்டையிடும், பயத்தில் மனிதர்களையும் கடிக்கும். வெறிநோய் ஒழிய ஊர் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்காவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெண் நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள்தான். அரைகுறையாகச் செய்யும் வேலை ஒரே ஆண்டில் அழிந்துபோகும். கடிபட்ட குழந்தையின் தாயும் சோறு வைக்கும் பாட்டியும் ஒரே மனுவில் கையெழுத்திட முடியும் என்று காட்டினால், கவுன்சிலர் உங்கள் பக்கம் நிற்பதில் அவருக்கும் லாபம் இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு நேரம். சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு, நாய்களைக் கொல்வதை விட்டுக் கருத்தடைக்கு மாறச் சொல்லி 1964 முதல் மாநகராட்சியிடம் கேட்டுவந்தது. மாநகராட்சி மாறியது 1996-ல். அவ்வளவு காலம் எல்லோருக்கும் ஆகாது. ஆனால் "ஆவன செய்யப்படும்" என்ற பதிலோடு ஓராண்டு போய்விடுவது சாதாரணம்.

நேரத்தைச் சுருக்க இரண்டு நாள்காட்டிகள் உதவும். ஒன்று டெண்டர். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு தினசரிக் கவனிப்புக்குத் தனித்தொகை கேட்டால் "அடுத்த முறை பார்க்கலாம்" என்பார்கள். பட்ஜெட் தயாராகும் மாதங்களிலும், ஒப்பந்தம் முடிவதற்கு முன்பும் கேட்பதே பலன் தரும். மற்றொன்று தேர்தல். கடைசி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியில் நடந்தது. பதவிக்காலம் ஐந்தாண்டு. பதவிக்காலத்தின் கடைசி ஆண்டில் கவுன்சிலர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

## தகவல் உரிமை

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பிக்கத் தேவை, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, ஒரு வெள்ளைத்தாள். ஏன் கேட்கிறீர்கள் என்று அதிகாரிகள் கேட்கக் கூடாது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது மழுப்பினால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். மற்ற எல்லா வழிகளுக்கும் இதுதான் அடித்தளம் என்பது என் எண்ணம். இதைச் செய்யாமல் வீடியோவுக்கோ வழக்குக்கோ போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வரும்.

கேள்வி கேட்பதில் ஒரு கலை இருக்கிறது. "ஏன் நாய்கள் இறக்கின்றன?" என்று கேட்டால் பதில் வராது. அந்தச் சட்டம் ஆவணத்தைத் தரும், விளக்கத்தைத் தராது. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒப்பந்தத்தின் நகல். அந்த அமைப்புக்கு வாரியம் தந்த அங்கீகாரச் சான்றின் நகல். கண்காணிப்புக் குழுவின் உறுப்பினர் பட்டியல், நடந்த கூட்டங்களின் குறிப்புகள். குறிப்பிட்ட மூன்று மாதங்களுக்கு நாய்ப் பதிவேடு: பிடித்த தேதி, பிடித்த தெரு, அறுவைத் தேதி, விடுவித்த தேதி, விடுவித்த தெரு, இறந்திருந்தால் காரணம். அதே மாதங்களுக்குத் தடுப்பூசி வாங்கிய பில்கள். ஐந்தாண்டுக் கணக்கை மொத்தமாகக் கேட்டால், "தொகுத்துத் தர இயலாது" என்ற சாக்கை நீங்களே எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

கிடைத்ததைப் படிப்பதுதான் உண்மையான வேலை. அறுவைக்கு மறுநாளே விடுவித்த தேதி இருந்தால், கவனிப்பு நடக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. மாதம் இத்தனை நாய்களுக்கு ஊசி போட்டதாகப் பதிவு இருந்து, வாங்கிய மருந்து அதில் பாதிக்குத்தான் வருமென்றால் அதுவும் பேசும். பிடித்த தெருவின் பெயரும் விடுவித்த தெருவின் பெயரும் பக்கம் முழுக்க ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில், ஒரே நாளில் எழுதியதுபோல் இருந்தால் நகலோடு நிற்காதீர்கள். சட்டத்தின் 2(j) பிரிவு ஆவணத்தையும் பணியையும் நேரில் ஆய்வு செய்யும் உரிமையைத் தருகிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம்கூடக் கிடையாது. மூலப் பதிவேட்டைப் பார்க்கப் போகிறவர், கணக்குத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போவது நல்லது. ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் குழுவில் இருந்தால், பத்து ஆர்வலர்களுக்குச் சமம்.

இதற்கும் விலை உண்டு. விண்ணப்பத்தில் பெயரும் முகவரியும் இருக்கும். அது யார் கைக்கெல்லாம் போகிறது என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. தனியாக இருக்கும் பெண்கள், ஒப்பந்ததாரருக்கு அருகில் வசிப்பவர்கள் வேறு பகுதியில் இருக்கும் நண்பரின் பெயரில் அனுப்பலாம். ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது இணையத்தில் விண்ணப்பியுங்கள்.

## உள்ளே போய் உழைப்பது

மனத்துக்கு நிறைவு தரும் வழி இது. காயத்துக்கு மருந்து போடலாம், தண்ணீர்த் தொட்டியைக் கழுவலாம், அன்றைக்கு அந்த நாய்க்கு நிஜமாகவே நன்மை நடக்கும். வேறெந்த வழியிலும் இவ்வளவு சீக்கிரம் பலன் தெரியாது. மருத்துவருக்கும் நாய் பிடிப்பவர்களுக்கும் உங்களைப் பழக்கமாகும். அவர்கள் பக்கத்து நியாயம் புரியும். சுருக்குக் கம்பியை விட்டு வலைக்கு மாற அவர்களுக்கே ஆசை இருக்கும், வாங்கிக் கொடுக்க ஆள் இருக்காது. தடுப்பூசியே போட்டுக்கொள்ளாமல் தினமும் நாய்க்கடிக்கு நடுவில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி உண்டு. அவருக்கு முன்தடுப்பு ஊசி கேட்டு உங்கள் குழு மனுப் போட்டுப் பாருங்கள். உள்ளிருந்து வரும் ஒத்துழைப்பு அன்றிலிருந்து வேறு மாதிரி இருக்கும். தொண்டுக்குப் போகிறவர்களும் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே கால் வைக்க வேண்டும்.

விலை என்னவென்றால் மௌனம். உள்ளே விடுகிறவர் போனை வெளியே வைக்கச் சொல்வார். பார்த்ததைச் சொன்னால் கதவு அடையும், சொல்லாவிட்டால் மனம் அறுக்கும். இரண்டாவது விலை இன்னும் நுட்பமானது. நீங்கள் கொண்டுபோகும் அரிசியும் கோழிக்கழுத்தும் பட்ஜெட்டில் விழுந்த ஓட்டையை மூடிவிடுகின்றன. தீவனத்துக்குப் பணம் ஒதுக்கவில்லை என்பது யார் கண்ணிலும் படாது. அதனால் கொடுப்பதை எல்லாம் எழுதிவைத்து, மாதக் கடைசியில் அந்தக் கணக்கை மாநகராட்சிக்குக் கடிதமாக அனுப்புங்கள். நன்கொடையே உங்கள் கோரிக்கைக்கு ஆதாரமாகும்.

பொறுமை உள்ள, கோபத்தை அடக்கத் தெரிந்த, கால்நடை மருத்துவம் கொஞ்சம் அறிந்த ஆள் குழுவில் இருந்தால் இந்த வழி சரி. அங்கீகாரம் பெற்ற விலங்கு நல அமைப்பின் பிரதிநிதிகளுக்குக் கண்காணிப்புக் குழுவில் இடம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். அப்படி ஓர் அமைப்பு உங்கள் ஊரில் இருந்து, அதன் நாற்காலி காலியாகக் கிடந்தால், அதில் போய் உட்காருவது நூறு கையெழுத்தைவிட மேல்.

## வீடியோவும் வீதியும்

ஒரு நல்ல வீடியோ ஒரே இரவில் ஆணையாளரை எழுப்பிவிடும். மறுநாள் ஆய்வு, வெள்ளையடிப்பு, ஒருவர் பணிநீக்கம். அந்த ஒருவர் பெரும்பாலும் கூண்டைக் கழுவும் தினக்கூலி. டெண்டர் போட்டவரும் எடுத்தவரும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். அடியை யார் வாங்கினார் என்ற அளவுகோலில் இந்த வழி தோற்றுவிடுகிறது.

மதுரைக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் திரண்ட கூட்டத்தை இந்த ஊர் மறக்கவில்லை. 2014-ல் ஜல்லிக்கட்டைத் தடைசெய்த தீர்ப்புக்குப் பிறகு, 'விலங்கு நலம்' என்று யார் வாயைத் திறந்தாலும் "நீங்கள் பீட்டா ஆளா?" என்ற கேள்வி வந்து நிற்கிறது. பதாகையோடு தெருவில் நின்றால் முதல் அரை மணி நேரம் நாயைப் பற்றிப் பேசவே முடியாது. நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிவகுத்த தனிநபர் மசோதாவை மாநிலங்களவையில் கொண்டுவந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1904-ல் பிறந்தது இதே மதுரையில். 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவர்தான். வெளியூர்ச் சரக்கு என்று தள்ளிவிட முடியாது. (அந்தச் சட்டத்தில் விலங்கைச் சித்திரவதை செய்பவருக்கு முதல் குற்றத்துக்கான அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய். இன்றுவரை மாறவில்லை. போலீஸ் புகாரை மட்டும் நம்பியிருப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.)

எப்போது வீடியோ? உயிர் போகும் நிலையில் நாய்கள் அடைந்து கிடந்து, அதிகாரிகளுக்கு எழுத்தில் சொல்லியும் இரண்டு நாளில் அசைவில்லை என்றால் எடுங்கள். தொழிலாளிகளின் முகம் தெரியாமல் எடுங்கள். கூடவே பதிவேட்டின் நகலையும், கொடுத்த மனுவின் ஒப்புகையையும் காட்டுங்கள். படத்தைப் பார்த்துக் கொதித்த கூட்டம் ஒரு வாரத்தில் வேறு வீடியோவுக்குப் போய்விடும். அதற்குள் உங்கள் கோரிக்கைத் தாள் அதிகாரியின் மேஜையில் இருக்க வேண்டும்.

## உயர்நீதிமன்றக் கிளை

தென் மாவட்டத்துக்காரர்களுக்கு இருக்கும் பெரிய வசதி, 2004 ஜூலை முதல் மேலூர் சாலையில் இயங்கும் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. கட்டளை பிறப்பிக்கும் அதிகாரம் மற்ற எந்த வழிக்கும் இல்லை. விலங்குகளின் நலனை அரசியல் சாசனத்தோடு இணைத்து உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே பேசியிருக்கிறது. ஜல்லிக்கட்டு வழக்கிலேயே என்பது மதுரைக்குக் கொஞ்சம் கசப்பான முரண்.

நேராக இங்கே வந்து நின்றால் முதலில் வரும் கேள்வி, "அதிகாரிக்கு மனுக் கொடுத்தீர்களா?" என்பதுதான். கொடுத்திருந்தால்கூட முதல் சுற்றில் அடிக்கடி கிடைக்கும் உத்தரவு, மனுதாரரின் மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்பது. வழக்கறிஞர் கட்டணம் கொடுத்து, மனுவுக்கு ஒரு முத்திரை வாங்கி வந்ததாகத்தான் ஆகும். கையில் பதிவேட்டு நகலும், விதியை மீறிய தேதிகளும், அசையாத மனுவின் ஒப்புகையும் இருந்தால் கதை மாறும். நீதிபதிக்குத் தேதியும் ஆவணமும் வேண்டும்.

உத்தரவு வந்ததோடும் முடியாது. நிறைவேற்றவில்லை என்றால் அவமதிப்பு மனு. அதற்கு ஓராண்டுக் காலவரம்பு இருக்கிறது. யாராவது ஒருவர் தேதிகளைப் பின்தொடர்ந்துகொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலான குழுக்களில் அந்த ஒருவர் இரண்டாம் ஆண்டில் வெளியூருக்கு மாற்றலாகிப் போய்விடுகிறார்.

வழக்கு உங்கள் கையில் நிற்காது என்பதும் உண்டு. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு செய்தியைப் பார்த்துத் தானாகவே வழக்கை எடுத்தது. ஆகஸ்ட் 11-ல் டில்லி நாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22-ல் வேறொரு அமர்வு அதை மாற்றி, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து திரும்ப விடச் சொன்னது. பிறகு நவம்பர் உத்தரவு. நீங்கள் கூண்டுக்குக் கூரை கேட்டுப் போகலாம். எதிர்த்தரப்பு இணைப்பு மனுப் போட்டு, நாய்களை ஊரைவிட்டே அகற்றும் பேச்சாக அது மாறிவிடலாம். கேட்டதைவிடப் பெரியது கிடைக்கும் இடம் அது. கேட்டதற்கு நேர் எதிரானதும் கிடைக்கும்.

## சொந்தக் காப்பகம்

இதைச் சீர்திருத்த வழியாகவே நான் எண்ணவில்லை, ஆனால் கேட்கிறவர்கள் அதிகம். நகருக்கு வெளியே மலிவான இடம், நல்ல மனம், தொடக்கத்தில் தாராளமான நன்கொடை. மூன்றாம் மாதம் வாசலில் இரவோடு இரவாகப் பெட்டியில் குட்டிகள் இருக்கும். வயதான லேப்ரடாரைக் கட்டிவிட்டுப் போவார்கள். ஊர்க்காரர்கள் சத்தத்துக்குப் புகார் கொடுப்பார்கள். நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழும், நன்கொடையாளரின் உற்சாகம் அவ்வளவு நாள் வாழாது. மாநகராட்சியோ, "அங்கே ஒரு காப்பகம் இருக்கிறதே" என்று தன் பொறுப்பைத் தள்ளிவிடும். கண் தெரியாத, கால் இழந்த, தெருவில் விட முடியாத சில நாய்களுக்கு மட்டும், எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து, இடத்தை அறக்கட்டளையின் பெயரில் எழுதி நடத்த முடிந்தால் நடத்துங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | கையில் கிடைப்பது | மறைவான விலை | அடைபடும் கதவு |
|---|---|---|---|
| மனு, மாமன்றம் | வாக்குறுதி; நேரம் பார்த்துக் கேட்டால் பட்ஜெட்டில் ஒரு வரி | காத்திருப்பு | எதுவும் இல்லை |
| தகவல் உரிமை | ஆவணம் | பெயர் வெளியே தெரிவது | பெரிதாக எதுவும் இல்லை |
| உள்ளே தொண்டு | அன்றைய நாய்க்கு நன்மை, உள் விவரம் | மௌனம். பட்ஜெட் ஓட்டையை நாமே அடைப்பது | வெளிப்படையாகப் பேசுவது |
| வீடியோ, போராட்டம் | உடனடிக் கவனம் | அடி கடைநிலைத் தொழிலாளிக்கு | மையத்தின் வாசல் |
| பொதுநல வழக்கு | கட்டளை | பல ஆண்டுப் பின்தொடர்தல் | அதிகாரியோடு பேச்சு |
| சொந்தக் காப்பகம் | சில நாய்களுக்கு வீடு | முடிவில்லாத செலவு | மற்ற எல்லாவற்றுக்குமான உங்கள் நேரம் |

## யாருக்கு எது?

ஐந்தாறு பேர், வேலைக்குப் போகிறவர்கள், மாதத்துக்கு இரண்டு ஞாயிறு மட்டும் கிடைக்கும் என்றால், தகவல் உரிமை விண்ணப்பத்தில் தொடங்கி, அதில் கிடைத்ததை வைத்துக் கவுன்சிலரிடம் போங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம். இருபது பேருக்கு மேல் இருந்தால் இரண்டாகப் பிரிந்துகொள்ளுங்கள்: உள்ளே தொண்டு செய்பவர்கள் ஒரு பக்கம், மனுவும் தகவல் உரிமையும் போடுபவர்கள் மறுபக்கம். இரு பட்டியலிலும் ஒரே பெயர் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருப்பவர் சொல்வதை வைத்து எந்த மாதப் பதிவேட்டைக் கேட்பது என்று வெளியே இருப்பவர் முடிவு செய்யலாம்.

வழக்கறிஞர் நண்பர் இருக்கிறார், இலவசமாக நடத்தித் தருவதாகச் சொல்கிறார் என்று எழுதுபவர்களுக்கு: அவரை முதலில் மனுவைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். நாளை வழக்கானால் அந்த மனுதான் முதல் ஆவணம். சட்டம் படித்தவர் எழுதிய மனுவுக்கு அதிகாரியிடமிருந்து வரும் பதிலும் கொஞ்சம் கவனமாகத்தான் இருக்கும்.

மாநகராட்சி எல்லைக்கு வெளியே, ஊராட்சிகளில் இருப்பவர்களுக்கு மாமன்றமும் வார்டுக் கவுன்சிலரும் இல்லை. கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சிக்கென்று தனி மையம் பெரும்பாலும் இருக்காது. நாய்களை அருகிலுள்ள நகர மையத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுமாறும், அனுப்பிய நாய்களின் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுமாறும் தீர்மானம் கேட்கலாம். கை தூக்கி ஆதரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். தீர்மானம் பதிவேட்டில் எழுதப்படும்வரை அங்கேயே இருந்து, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு, அதன் நகலுக்கு அன்றைக்கே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.